நாற்பது அடிக்கு இடமில்லை: ஹார்வர்ட் மைதானத்தின் கதை

நம்ம கொல்கத்தாவில் கால்பந்து பற்றி யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1911-ல் மோகன் பகான் அணியில் ஒருவர் தவிர மற்றவர்கள் எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, வெள்ளைக்காரப் படை அணியைத் தோற்கடித்துக் கேடயம் வாங்கிய ஊர் இது. மைதானில் மரக் காலரியில் நனைந்துகொண்டே ஆட்டம் பார்த்தவர்கள் நம் சங்கத்திலேயே எத்தனையோ பேர். ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது வேறு கால்பந்து, வேறு மைதானம்.

சில ஆண்டுகளுக்கு முன் பாஸ்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹார்வர்ட் என்றால் இப்போது நமக்குத் தமிழ் இருக்கைதான் நினைவுக்கு வரும். அந்தப் பல்கலைக்கழகத்தைப் பார்த்துவிட்டுச் சார்லஸ் நதியைத் தாண்டினால், ரோமாபுரிக் கட்டடம் போல ஒன்று நிற்கிறது. “அது காலேஜ் ஃபுட்பால் ஸ்டேடியம்ப்பா” என்றான் பையன். ஒரு காலேஜ் ஆட்டத்துக்கா இவ்வளவு பெரிசு என்று மலைத்துப் போனேன். அதன்பின் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது, முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரணியை முட்டி மோதி முன்னேறும் ஆட்டம். இம்மைதானம் உள்ள நிலத்தை 1890-ல் ஹென்ரி லீ ஹிகின்சன் என்ற செல்வந்தர் ஹார்வர்டுக்குக் கொடுத்தார். உள்நாட்டுப் போரில் படைவீரராக இருந்தவர் அவர். நாட்டுக்காக உயிர் நீத்த தம் நண்பர்கள் ஆறு பேர் நினைவாக அதற்குப் ‘போர்வீரர் திடல்’ என்று பெயர் வைத்தார்.

1879-ஆம் ஆண்டு பட்டம் பெற்ற பழைய மாணவர்கள் ஒரு லட்சம் டாலர் தந்தார்கள். மொத்தச் செலவு சுமார் 3,10,000 டாலர். 1903-ல் நாலரை மாதத்தில் வேலை முடிந்தது. கம்பி கட்டிய கான்கிரீட் அப்போது புதுசு. பாஸ்டன் பனிக்காலத்தை அது தாங்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. ஹார்வர்டின் பொறியியல் பேராசிரியர் ஐரா ஹாலிஸ் துணிந்து முன்னின்றார். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக்கென்று எழுந்த முதல் பெரிய நிரந்தர மைதானம் இது. குதிரை லாட வடிவம். 1903 நவம்பர் 14 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் டார்ட்மத் கல்லூரியிடம் 11-0 என்று ஹார்வர்ட் தோற்றது என்பது தனிக் கதை!

இரண்டே வருடத்தில் ஆட்டத்துக்கே ஆபத்து வந்தது. அக்காலத்தில் தலைக்கவசம் கட்டாயமில்லை (கல்லூரி ஆட்டங்களில் அது கட்டாயமானது 1939-ல்தான்). கூட்டமாகக் கைகோத்து எதிராளி மேல் பாய்வதுதான் உத்தி. 1905 பருவத்தில் பள்ளி, கல்லூரி எல்லாம் சேர்த்து 18 பேர் இறந்ததாகச் சிகாகோ டிரிபியூன் பத்திரிகை கணக்குக் கொடுத்தது. படிக்கப் போன பிள்ளை பிணமாக வந்தால் பெற்றவர்கள் பொறுப்பார்களா? அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் அந்த அக்டோபரிலேயே ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அவருடைய மகனும் அப்போது ஹார்வர்டின் முதலாண்டு அணியில் ஆடியவர்தான். ஹார்வர்ட் தலைவர் சார்லஸ் எலியட்டோ இந்த ஆட்டமே வேண்டாம் என்ற கட்சி. கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தையே கைவிட்டது.

விதிகளைத் திருத்தக் குழு கூடியது. களத்தைச் சுமார் 40 அடி அகலமாக்கினால் நெரிசல் குறையும், ஓட இடம் கிடைக்கும் என்பது வால்டர் கேம்ப் என்ற முன்னோடியின் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் ஹார்வர்ட் என்ன செய்யும்? கான்கிரீட் படிகள் களத்தை ஒட்டி நிற்கின்றன. கட்டி மூன்று வருடம்கூட ஆகவில்லை, இடிக்க முடியுமா? மரக் காலரியாக இருந்தால் பிரித்துத் தள்ளிப் போட்டிருக்கலாம். அந்த யோசனை கைவிடப்பட்டது.

அதற்குப் பதிலாக 1906-ல் வந்ததுதான் பந்தை முன்னோக்கி வீசும் அனுமதி. மைதானம் ஒன்றே இதற்குக் காரணம் என்று சொன்னால் மிகை. ஜான் ஹெய்ஸ்மன் போன்ற பயிற்சியாளர்கள் முன்பிருந்தே இதைக் கேட்டு வந்தார்கள். விதி மாறாவிட்டால் ஹார்வர்டில் ஆட்டமே இருக்காது என்ற நெருக்கடியைக் காட்டி அதன் பயிற்சியாளர் பில் ரீடும் வாதாடினார். ஆனாலும் மற்ற வழி அடைபட்டதால் இந்த வழி திறந்தது என்பதை மறுக்க முடியாது. இன்றைக்கும் அமெரிக்கக் கால்பந்துக் களத்தின் அகலம் அதே 160 அடிதான். நீண்ட தூரம் பந்தை வீசுவதுதான் அந்த ஆட்டத்தின் அழகே என்றாகிவிட்டது.

சாவு உடனே நின்றுவிடவில்லை. 1909-லும் உயிர்கள் போயின. மறுவருடம் மீண்டும் விதிகளைத் திருத்தினார்கள். மைதானமும் வளர்ந்தது. 1906-லேயே அங்கே கிரேக்க நாடகமான ‘அகமெம்னான்’ கிரேக்க மொழியிலேயே நடிக்கப்பட்டது. 1910-ல் மேலே தூண் வரிசை வந்தது. 1929-ல் திறந்த முனையில் இரும்புக் காலரி போட்டு 57,000 பேருக்கு மேல் உட்கார வைத்தார்கள். 1951-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது சுமார் 30,000 பேருக்கு இடம். 1984 ஒலிம்பிக்கில் நம்ம கால்பந்துப் போட்டிகள் சிலவும் அங்கே நடந்தன. 1987-ல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அந்தக் கான்கிரீட் படியில் உட்கார்ந்தபோது எனக்கு 1980 ஆகஸ்ட் 16 ஞாபகம் வந்தது. அன்று ஈடன் கார்டனில் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் நெரிசலில் 16 ரசிகர்கள் மாண்டார்கள். ஆட்டம் பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. அந்த நாளை நம் ஊர் இன்னும் மறக்கவில்லை.

கட்டடத்தை மாற்ற முடியாத இடத்தில் விதியை மாற்றினார்கள். பிள்ளைகளின் உயிரைக் காக்க இரண்டில் ஒன்று மாறித்தானே ஆக வேண்டும்? பாஸ்டன் பக்கம் போகும் அன்பர்கள் அந்தப் படியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.