'வலியில்லா' மருந்தும் 1911-ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

அபின் பழக்கத்தை நீக்குவதாக விளம்பரம் செய்துவிட்டு, அபினிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபினையே புட்டியில் அடைத்து விற்ற வணிகம், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் செழித்தது. அதன் முன்னோடிகளுள் ஒருவர், இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் கொத்தனாராக இருந்த சாமுவேல் காலின்ஸ். 'வலியில்லா அபின் முறிமருந்து' என்பது அவர் சரக்கின் பெயர்.

இப்பெயரில் பொய் எங்கே இருக்கிறது? உட்கொண்டவருக்கு வலி உண்மையிலேயே இல்லை. உடல் கேட்டது உடலுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. 'அபினைத் தொடுவதே இல்லை' என்று எழுதப்பட்ட நன்றிக் கடிதங்களையும் மனமறிந்த பொய்யெனத் தள்ள இயலாது. அக்கடிதங்களே அடுத்த விளம்பரத்துக்குச் சான்றாயின. புட்டி தீர்ந்து மறுபுட்டி வராதபோதுதான் ஏமாற்றம் புலப்படும். அப்போதும் யார் முறையிடுவார்? ஊரறியாமல் இருக்கவேண்டும் என்றுதானே அஞ்சலில் வாங்கினார்!

1905-இல் காலியர்ஸ் இதழில் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் தொடங்கிய கட்டுரைத் தொடர் இத்தகைய மருந்து வணிகத்தை அம்பலப்படுத்தியது. மறு ஆண்டு வந்த தூய உணவு மற்றும் மருந்துச் சட்டம், மார்ஃபின், அபின், கோக்கெய்ன் முதலியன கலந்திருப்பின் லேபிளில் குறிக்கவேண்டும் என்றது. இதனை ஒரு பெருந்திருப்பமாகவே நாம் கற்பிக்கிறோம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. சட்டம் லேபிளை மட்டுமே நோக்கியது. செய்தித்தாள் விளம்பரம் அதன் எல்லைக்கு வெளியே நின்றது. லேபிளிலும், மருந்தில் என்ன இருக்கிறது என்பது பற்றிய பொய்யே குற்றம். அது என்ன செய்யும் என்பது பற்றிய பொய் குற்றமன்று. ஜான்சன் வழக்கில் (அது புற்றுநோய் மருந்து பற்றியது) 1911-இல் நீதிபதி ஹோம்ஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு இவ்வாறே சட்டத்துக்குப் பொருள் கண்டது. ஹியூஸ் உள்ளிட்ட மூவர் மாறுபட்டனர்.

1912-இன் ஷெர்லி திருத்தம் இவ்விடைவெளியை அடைத்தது, ஒரு நிபந்தனையோடு: கூற்று பொய் என்று காட்டினால் போதாது, ஏமாற்றும் நோக்கத்தையும் அரசு மெய்ப்பிக்கவேண்டும். தன் சரக்கைத் தானும் நம்புவதாகச் சொல்பவரிடம் இந்நோக்கத்தை எப்படி மெய்ப்பிப்பது? 1938-ஆம் ஆண்டுச் சட்டமே அந்நிபந்தனையை நீக்கியது. அதே ஆண்டு, மருந்துகளின் பொய் விளம்பரங்கள்மீது நடவடிக்கை எடுக்கும் தெளிவான அதிகாரம் கூட்டாட்சி வணிக ஆணையத்துக்கு வந்தது.

போதைச் சிகிச்சையில் ஏமாற்று நடைமுறைகளுக்கென்றே அவ்வாணையம் தண்டத்தொகை கோர வழிசெய்யும் சட்டம் 2018-இல் வந்தது. அதன் வாசகம் 'பொருள்' என்பதோடு 'சேவை' என்பதையும் சேர்த்தே சொல்கிறது; அதற்குள் புட்டியின் இடத்தை மறுவாழ்வு மையத்தின் படுக்கை பிடித்துவிட்டிருந்தது.