சினூக் ஹெலிகாப்டர்: கியர்பாக்ஸ் முறிவுகள்

சினூக், அமெரிக்கத் தரைப்படைக்காக போயிங் வெர்ட்டால் உருவாக்கிய சுமைதூக்கி ஹெலிகாப்டர். முதன்முதலில் 1961-ல் பறந்தது. முன்னும் பின்னுமாக இரண்டு சுழலிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று இறக்கைகள். எதிரெதிர்த் திசையில் சுற்றும் இவற்றின் வட்டங்கள் நடுவில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியேறும். இறக்கைகள் முட்டிக்கொள்ளாமல் காப்பது, கூரைமேல் நீளும் ஷாஃப்டும் அதன் இரு முனைகளிலும் உள்ள கியர்பாக்ஸ்களும். ஒரு எஞ்சின் நின்றால் மற்றது இரு சுழலிகளையும் இயக்கிவிடும். முன் கியர்பாக்ஸ் போனால் கைகொடுக்க வேறொன்று கிடையாது.

1982 செப்டம்பர் 11 அன்று ஜெர்மனியின் மான்ஹைம் நகர விமானக் காட்சியில் இது கோரமாக வெளிப்பட்டது. வானில் கைகோத்துப் பெரிய வளையம் அமைத்து உலக சாதனை படைக்க, பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனியைச் சேர்ந்த பாராசூட் வீரர்கள் அமெரிக்கத் தரைப்படையின் சினூக்கில் ஏறியிருந்தார்கள். அது நெடுஞ்சாலையில் விழுந்து நொறுங்கியது. 46 பேரும் இறந்தனர். பாகங்களைச் சுத்தம்செய்ய, அரைத்த அக்ரூட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சியடிப்பது அப்போது வழக்கம். அந்தத் தூளின் மிச்சம் முன் கியர்பாக்ஸுக்குள் தங்கி, ஆயில் தெறிக்கும் நுண்துளைகளை அடைத்திருந்தது. ஆயில் எட்டாத பேரிங் சிதைந்தது. அடுத்து பல்சக்கரம் உடைந்தது. தாளம் தப்பிய சுழலிகளின் இறக்கைகள் மோதிக்கொண்டன. பராமரிப்புக்கென்று செய்த வேலையே உயிர் குடித்தது என்பதுதான் ஆறாத வேதனை. அக்ரூட் தூள் பின்னர் கைவிடப்பட்டது.

நான்கே ஆண்டுகளில் இன்னொன்று. 1986 நவம்பர் 6 அன்று, எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்களை ஏற்றிவந்த சினூக்கின் பயணிகள் வடிவம், ஷெட்லாந்துத் தீவின் சம்பரோ விமான நிலையத்தை நெருங்கும்போது கடலில் விழுந்தது. 47 பேரில் இருவரே பிழைத்தனர். பழுதானது மீண்டும் முன் கியர்பாக்ஸ். இம்முறை மாற்றி வடிவமைத்துப் பொருத்தியிருந்த பல்சக்கரம் முறிந்திருந்தது. ஏற்கெனவே ஏற்கப்பட்ட சோதனைமுறை போதாது என்று பிரிட்டிஷ் விசாரணை சொன்னது. வட கடலில் சினூக்கில் தொழிலாளர்களை ஏற்றிச்செல்வது நின்றது. கியர்களின் அதிர்வைப் பறக்கும்போதே அளந்து, தேய்மானத்தை முன்கூட்டிக் காட்டும் கருவிகள் 1990-களில் அங்கே பரவின.

இந்திய விமானப்படை 2019-ல் சண்டிகரில் சினூக்கைச் சேர்த்துக்கொண்டது, மொத்தம் 15. 2022 ஆகஸ்டில் எஞ்சின் தீ விபத்துகளை அடுத்து அமெரிக்கத் தரைப்படை தன் சினூக்குகளைப் பறக்கவிடாமல் நிறுத்திவைத்தபோது, காரணத்தை விளக்குமாறு இந்தியாவும் கேட்டது. அம்முறை சந்தேகம் விழுந்தது கியர்பாக்ஸ் மீதல்ல, எஞ்சினில் எரிபொருள் கசியாமல் தடுக்கும் சின்ன வளையங்கள் மீது.