உட்கருவுக்குள் ஒரு கூண்டு: சாட்பி-1 பிறந்த கதை

ராயகிரியிலிருந்து சங்கரன்கோவில் போனால் தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் உண்டு. தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சிக்கல் விழாமல் சுற்றினால்தான் நாடா ஓடும்போது நூல் இழுத்த இழுப்புக்கு வரும்.

நம் செல்லுக்குள்ளும் அந்த வேலை நடக்கிறது. சுமார் 2 மீட்டர் டிஎன்ஏ இழை, ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளைச் சுற்றிச் சுற்றி, கண்ணுக்கே தெரியாத உட்கருவுக்குள் அடங்கிவிடுகிறது. இந்தச் சுற்றுதான் குரோமாட்டின். இறுகிய இடத்திலுள்ள மரபணு பொதுவாக வாய் திறக்காது; தளர்ந்த இடத்தில் உள்ளது பேசும்.

1992-ல் அமெரிக்காவில் டெருமி கோவி-ஷிகெமாட்சுவின் குழு, இந்தச் சுற்றை ஒழுங்கு செய்வதில் பங்குள்ள ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தது. டிஎன்ஏவின் இரு இழைகளும் எளிதில் பிரியக்கூடிய இடமாகப் பார்த்து அது ஒட்டிக்கொண்டது. அதிகம் கிடைத்தது தைமஸில், அதாவது நெஞ்செலும்புக்குப் பின்னால், கிருமிகளை எதிர்க்கும் டி செல்கள் வளர்ந்து ஆளாகும் சுரப்பியில். சாட்பி-1 என்று பெயர் வைத்தார்கள். 2000-ல் அந்தப் புரதமே இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவற்றின் டி செல்கள் பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிட்டன. எலிகளும் சில வாரங்களில் இறந்தன.

காரணம் 2003-ல் கண்ணுக்கே தெரிந்தது. தைமஸ் செல்லின் உட்கருவுக்குள் சாட்பி-1 கூண்டு போலப் பின்னி நின்றது. டிஎன்ஏவை அந்தக் கூண்டில் அங்கங்கே கட்டிவைத்து, எந்த மரபணு திறக்கலாம், எது மூடியிருக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்தது.

கோவி-ஷிகெமாட்சுவின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சஞ்சீவ் கலாண்டே, புனேயின் தேசிய செல் அறிவியல் மையத்துக்கு வந்து வேலையைத் தொடர்ந்தார். 2006-ல் அவர் குழு சொன்னதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே அழகான இடம். சாட்பி-1 மீது பாஸ்பேட் என்ற சின்ன வேதித் தொகுதி ஒன்று ஒட்டினால், மரபணுக்களை மூடிவைக்கும் இன்னொரு புரதத்தோடு அது சேர்ந்து மரபணுவை அடக்குகிறது. டி செல் கிருமிக்கு எதிராக விழித்தெழும்போது பாஸ்பேட் கழன்றுவிடுகிறது. இன்டர்லூகின்-2 மரபணு திறக்கிறது. அந்த இன்டர்லூகின்தான் டி செல்களைப் பெருகச் சொல்லும் செய்தி. அத்தனை பெரிய கூண்டுக்குச் சாவி, அவ்வளவு சின்ன பாஸ்பேட்!

2010-ல் கலாண்டேவுக்கு பட்நாகர் விருது கிடைத்தது. அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த டிம்பிள் நோட்டானி, இன்று பெங்களூரில் இதே துறையில் தனி ஆய்வுக்கூடம் நடத்துகிறார்.

ராயகிரியில் ப்ளஸ் டூ உயிரியல் படிக்கும் பிள்ளைகளே, இந்த வேலைக்குப் புனே வரைகூடப் போக வேண்டாம். செங்கோட்டை தாண்டினால் திருவனந்தபுரத்தில் ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதன் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போடுங்கள்.