பசிக்கு ஏது ஆதிக்க மொழி?

மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணச் செல்வோர் கடந்துபோகும் கடலோரச் சிற்றூர் நெம்மேலி. அங்குள்ள சாலையோர உணவுவிடுதி ஒன்றில் சென்ற திங்கள் நானும் நண்பரும் அமர்ந்திருந்தோம். பரிமாற வந்த இளைஞன் வடபுலத்தான். அடுத்த மேசையிலிருந்த மீனவப் பெரியவரிடம், "என்ன வேணும், அய்யா?" என்று தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டான். அவரோ, அவனுக்கு எளிதாக விளங்கட்டும் என்று, "தோ ரொட்டி" என்றார். இருவரும் சிரித்தனர். ரொட்டி வந்தது. நண்பருக்கோ சினம் வந்தது. "பார்த்தீர்களா, உணவுவிடுதிக்குள்ளும் இந்தி நுழைந்துவிட்டது!" என்றார்.

சினம் கொள்ளத்தக்க இடம் அதுதானா? வரலாற்றைக் கேட்போம், தோழர்களே!

சப்பாத்தியும் பூரியும் வடக்கிலிருந்து நம் இலைக்கு வந்தன. இட்டலியும் தோசையும் நம் அடுக்களையிலிருந்து வடக்கே சென்றன. இதற்கெனச் சட்டம் இயற்றிய மன்றம் எது? ஆணை பிறப்பித்த அமைச்சர் யார்? நா விரும்பிற்று, பண்டம் வந்தது, பண்டத்தோடு பெயரும் வந்தது. அதற்குப் பெயர் உறவு!

திணிப்பின் கதை வேறு. 1938 ஏப்ரலில் ஆச்சாரியாரின் அமைச்சரவை சென்னை மாகாணத்தில் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாய பாடமாக்கிற்று. தமிழகம் கொதித்தெழுந்தது. பெரியார் சிறை புகுந்தார். சிறைத் தண்டனை ஏற்ற நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர் நீத்தனர். 1940 பிப்ரவரியில் கட்டாயம் ஒழிந்தது. இந்தி கற்க விரும்பியவரை எவரும் தடுத்ததில்லை. கற்றே தீரவேண்டும் என்ற ஆணையைத்தான் தமிழர் எதிர்த்தனர்.

அந்த ஆணையின் எதிரொலி உணவுத் தட்டிலும் கேட்டது. 2021 அக்டோபரில், சொமாட்டோ நிறுவனத்தின் வழியாக உணவு வரவழைத்த தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர், பண்டம் ஒன்று குறைந்ததென முறையிட்டார். இந்தி தேசிய மொழி, ஆதலால் அனைவரும் சிறிதேனும் அறிந்திருக்க வேண்டும் என்ற அறிவுரை அவருக்குப் பதிலாகக் கிடைத்தது! கண்டனம் எழுந்தது, நிறுவனம் மன்னிப்புக் கோரியது, பதிலளித்த ஊழியரை நீக்கியது, பின்னர் மீண்டும் சேர்த்துக்கொண்டது.

தேசிய மொழியா? அரசமைப்புச் சட்டத்தின் 343ஆம் பிரிவு, இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்கிறது. தேசிய மொழி என்று எம்மொழியையும் அச்சட்டம் கூறவில்லை. பொருள்களின் உறைமேல் விவரங்களை இந்தியில் அச்சிட வேண்டுமெனத் தொடுத்த வழக்கில், இந்தியைத் தேசிய மொழியென அறிவித்த ஆணை ஏதும் இல்லை என்று குசராத் உயர்நீதிமன்றமே 2010இல் சுட்டிக்காட்டிற்று. இல்லாத ஒன்றை உண்டென்று ஓர் ஊழியர் நம்பினார் எனில், பிழை அவருடையது மட்டுமா? நம்பவைத்தவருடையது அல்லவா?

2023 மார்ச்சில் தயிருக்கே சோதனை வந்தது. உறையின்மேல் "தஹி" என்று அச்சிட்டு, "தயிர்" என்பதை அடைப்புக்குறிக்குள் இடுமாறு இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையம் பணித்தது. வீட்டுக்காரனைத் திண்ணைக்குத் தள்ளும் ஆணை! தமிழகமும் கருநாடகமும் எதிர்த்தன. அம்மாதம் 30ஆம் நாளே ஆணை திருத்தப்பட்டது.

இப்போது நெம்மேலிக்குத் திரும்புவோம். பிழைப்புத் தேடி வந்த அந்த இளைஞன் நம்மீது எதைத் திணித்தான்? அவனல்லவா தமிழ் கற்றுக்கொண்டிருந்தான்! எச்சில் இலை எடுக்கும் ஏழையை நோக்கிச் சீறுவது மொழிப்பற்றாகாது. ஆணையிடும் அதிகாரத்தை விட்டுவிட்டு அடிமைப்பட்டவனை அடிக்கும் கோழைத்தனம் அது. தன்மானம் நமக்கு உண்டு, அவனுக்கும் உண்டு.

பெரியவர் சொன்ன "தோ ரொட்டி" அன்பின் சொல். அதையே ஓர் அரசாணை சொல்லச் சொன்னால், அந்தக் கணமே அது அடிமையின் சொல். இவ்விரண்டையும் பிரித்தறிவதே பகுத்தறிவு. விடுதியை விட்டு வெளியேறுகையில் நண்பர் அந்த இளைஞனிடம், "சாப்பிட்டாயா, தம்பி?" என்றார். "இனிமேல்தான், அண்ணா" என்றான் அவன், தமிழில்!