ஆதிசேஷய்யா, மால்கம் சத்தியநாதன் (1910–1994)

வேலூரில் பிறந்த பொருளியல் பேராசிரியர். யுனெஸ்கோ நிர்வாகி, கல்விக் கொள்கை வகுப்பாளர், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் நிறுவனர். வேலூர் ஊரீசு கல்லூரி, சென்னை லயோலா கல்லூரி, லண்டன் பொருளாதாரப் பள்ளி, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆகியவற்றில் பயின்றார். தந்தை பால் வாரணாசி ஆதிசேஷய்யா ஊரீசு கல்லூரியின் முதல்வராக இருந்தவர்.

கல்கத்தா செயின்ட் பால்ஸ் கல்லூரியிலும், 1940 முதல் 1946 வரை சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பொருளியல் கற்பித்தார். 1948இல் யுனெஸ்கோவில் சேர்ந்து, 1963 முதல் 1970 வரை துணைத் தலைமை இயக்குநராகப் பணியாற்றினார். கல்விக்கான செலவை வளர்ச்சிக்கான முதலீடாகக் கருதும் பார்வையை அங்கு வலியுறுத்தினார்.

யுனெஸ்கோ தலைமையகம் உள்ள பாரிசிலிருந்து திரும்பியதும் 1971இல் மனைவி எலிசபெத்துடன் இணைந்து அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அவரது பணிகளில் மிக நீடித்த பயன் தந்தது இதுவே. தமிழகத்தின் வேளாண்மை, வேலைவாய்ப்பு, வறுமை பற்றிய கள ஆய்வுகள் இங்கிருந்து தொடர்ந்து வெளிவந்தன. 1977இல் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு, தமிழக அரசு ஆகியவற்றின் ஆதரவில் இது தேசிய நிலை பெற்றது.

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் (1975–78) மாநிலங்களவை நியமன உறுப்பினராகவும் (1978–84) இருந்தார். மேல்நிலைக் கல்வி குறித்து அவர் தலைமையிலான தேசியக் குழு 1978இல் அளித்த அறிக்கை, தொழிற்கல்விப் பாடங்களை அந்தந்த வட்டாரத்தின் வேலைவாய்ப்பை ஆய்ந்து தெரிவுசெய்யப் பரிந்துரைத்தது. தோல் பதனிடுதலும் காலணித் தயாரிப்பும் நிறைந்த வேலூர்–ஆம்பூர் பகுதிக்கு நேரடியாகப் பொருந்தும் அணுகுமுறை இது. 1976இல் பத்மபூஷண் விருது பெற்றார். யுனெஸ்கோ 1998இல் அவர் பெயரில் எழுத்தறிவுப் பரிசை நிறுவியது.