போர்ப் பதக்கங்களும் பிரிட்டிஷ் சிப்பாயின் சேவை வரலாறும்

போர்ப் பதக்கமானது தனிப்பட்ட வீரச்செயலுக்கு உரிய விருதன்று. ஒரு யுத்தத்தில் பங்குகொண்டமைக்காகத் தளபதி முதல் கடைநிலைச் சிப்பாய் வரை யாவருக்கும் அளிக்கப்படும் அடையாளமாகும். பிரிட்டிஷ் சேனையில் இவ்வழக்கம் 1815-ஆம் ஆண்டு வாட்டர்லூ யுத்தத்தை ஒட்டி வேரூன்றியது. அவ்வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் பெற்றவனுடைய பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டன. அதற்குமுன் ஸ்பெயினில் ஆண்டுக்கணக்காகப் போரிட்டிருந்த சாதாரண சிப்பாய்களுக்கோ, 1847 வரை இத்தகைய பதக்கம் ஏதும் கிட்டவில்லை. அப்போதும் உயிரோடிருந்து விண்ணப்பம் செய்துகொண்டவர்களே அதற்கு உரியவராயினர். இறந்தவர் விண்ணப்பம் எழுதுவதில்லையாதலின், அரசாங்கத்துக்கு இது சிக்கனமான கௌரவமே.

முதல் உலக யுத்தத்தில், 1914 ஆகஸ்ட் 5 முதல் நவம்பர் 22 வரை பிரான்ஸிலோ பெல்ஜியத்திலோ பணிபுரிந்தோர் ஒரு வெண்கல நட்சத்திரத்தையும், அதற்குப் பின் 1915 முடிவதற்குள் களம் புகுந்தோர் அதனையொத்த மற்றொன்றையும் பெற்றனர். இவற்றோடு வெள்ளியாலான யுத்தப் பதக்கமும், சிறகு விரித்த தேவதையின் உருவம் தாங்கிய வெற்றிப் பதக்கமும் சேர, அம்மூன்றையும் ஜனங்கள் ‘டெய்லி மிரர்’ பத்திரிகைச் சித்திரத் தொடரில் வந்த நாய், பென்குவின், முயல் ஆகியவற்றின் பெயர்களால் பிப், ஸ்க்வீக், வில்ஃப்ரெட் என்று வேடிக்கையாக வழங்கினர். தொழிலாளர் படைகளில் உழைத்த இந்தியர், சீனர், மால்டா தீவினர் ஆகியோருக்கு யுத்தப் பதக்கம் வெள்ளியிலன்றி வெண்கலத்திலேயே அளிக்கப்பட்டது. பேதமின்மை என்னும் கொள்கை உலோகத்தின் விலைக்கு முன் நின்றுவிட்டது.

1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானத் தாக்குதலால் லண்டனில் இருந்த யுத்த இலாகாவின் ஆவணக் கிடங்கு தீப்பற்றி எரிய, முதல் யுத்தச் சிப்பாய்களின் சேவைப் பத்திரங்களில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. ஆகையால் பலருடைய சரித்திரத்துக்கு இன்று எஞ்சியிருக்கும் ஆதாரம், பதக்கம் வழங்குவதற்கென எழுதிவைத்த அட்டைக் குறிப்பும், உலோகத்தில் பொறித்த எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்னும் நான்கு விவரங்களுமே. நட்சத்திரத்தின் பின்புறம் சாதாரண சிப்பாய் என்றிருந்து, மற்றப் பதக்கங்களின் விளிம்பில் சார்ஜெண்ட் என்றிருப்பின், இடைக்காலத்தில் அவன் பதவி உயர்ந்தான் என்பது தெளிவு. ஆயினும் எண்ணை மட்டும் நம்பி முடிவு செய்தல் தகாது. பிரதேசப் படையின் காலாட்களுக்கு 1917-இல் ஆறு இலக்கப் புதிய எண்கள் தரப்பட்டமையால், ஒரே மனிதன் இரு எண்களில் காணப்படுவதுண்டு.

இரண்டாம் உலக யுத்தப் பதக்கங்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறியாமலே அனுப்பினர். எனவே உரிமையாளரின் கைவிட்டுப் போன பதக்கம் எவனுடையது என்று அதைப் பார்த்து அறிய வழியில்லை. அதே யுத்தத்தில் இந்தியச் சேனையினர் பெற்றவையோ பெயர் பொறித்தே வழங்கப்பட்டன.