மசகை உள்ளே பூட்டிய சங்கிலி

மோட்டார்சைக்கிளின் சங்கிலி நீண்டுவிட்டது என்று பட்டறையில் சொல்வார்கள். உண்மையில் இரும்புத் தகடுகள் நீள்வதில்லை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஆணியும், அதைச் சுற்றி புஷ் எனப்படும் குழலும் உண்டு. இவை ஒன்றோடொன்று உரசித் தேய்கின்றன. நூறு கண்ணிகளின் சிறுசிறு தேய்மானமும் ஒன்றுசேர்ந்து நீளமாகத் தெரிகிறது. ஆணிக்கும் குழலுக்கும் நடுவே மசகை எப்படி நிறுத்தி வைப்பது என்பதுதான் இந்தத் தொழிலில் நெடுங்காலம் தீராத சிக்கலாக இருந்தது.

இந்தக் குழலைக் கொடுத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் ரெனால்ட். 1879ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சால்ஃபர்டில், நெசவு இயந்திரங்களுக்குச் சங்கிலி செய்துவந்த ஒரு சிறிய தொழிற்சாலையை அவர் வாங்கினார். அக்காலச் சங்கிலிகளில் மெல்லிய தகடுகள் நேரடியாக ஆணியின் மீது அழுந்தி அதை அரித்துவிடும். 1880ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்ற சங்கிலியிலோ குழல் பாரத்தைப் பரப்பித் தாங்கியது. அதன்மேல் உருளை சுழன்றது. இன்றைய கப்சாய் மோட்டாரில் ஓடுவதும் அதே அமைப்புதான்.

ஆனால் ஆரம்ப கால மோட்டார்சைக்கிள்கள் பலவற்றில் தோல் வார்தான் பின்சக்கரத்தைச் சுழற்றியது. மழையில் வார் வழுக்கும். 1911ஆம் ஆண்டு மேன் தீவின் மலைச் சுற்றுப்பாதையில் முதன்முறையாக நடந்த சீனியர் டிடி பந்தயத்தில், சங்கிலியும் கியரும் பொருத்திய இந்தியன் மோட்டார்சைக்கிள்கள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. (பெயர்தான் இந்தியன், அது அமெரிக்க நிறுவனம்.) அதன்பின் வாருக்கு மவுசு குறைந்துகொண்டே வந்தது.

சங்கிலி வென்றது, பராமரிப்பு வேலை பெருகியது. பிரிட்டனில் பலர் சங்கிலியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, தகர டின்னில் மசகைப் போட்டு அடுப்பில் சூடாக்கி, அதில் ஊற வைத்தார்கள். வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும்! 1958ஆம் ஆண்டில் வந்த ஹோண்டா சூப்பர் கப், சங்கிலியை முழுவதுமாக உறைக்குள் மூடி இந்தத் தொல்லையைக் குறைத்தது.

பெரிய மோட்டார்களுக்கு அந்த வழி போதவில்லை. 1969ஆம் ஆண்டில் அறிமுகமான ஹோண்டா சிபி750, 67 குதிரைச் சக்தி கொண்டது. தானாக எண்ணெய் சொட்டும் வசதி இருந்தும் சங்கிலி வேகமாகத் தேய்ந்தது. அந்த வேகத்தில் சங்கிலி அறுந்து சிக்கினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

தீர்வு ஒரு ரப்பர் வளையத்தில் இருந்தது. டென்மார்க்கில் பிறந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் அமெரிக்காவில் 1937ஆம் ஆண்டு விண்ணப்பித்து, 1939ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற ஓ-ரிங் அது. 1970களில் ஜப்பானியச் சங்கிலித் தயாரிப்பாளர்கள் ஆணிக்கும் குழலுக்கும் நடுவே தொழிற்சாலையிலேயே மசகை நிரப்பி, உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் இடையே இந்த வளையத்தை வைத்து அடைத்தார்கள். பின்னர் வந்த எக்ஸ்-ரிங் குறைந்த உரசலில் அதே வேலையைச் செய்கிறது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். உள்ளே மசகு இருப்பதால் வெளியே எதுவும் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். உருளைக்கும் பற்சக்கரத்துக்கும் எண்ணெய் தேவை. ரப்பரும் காய்ந்துவிடக் கூடாது. வேறு சிலர் பெட்ரோலும் கம்பித் தூரிகையும் கொண்டு தேய்க்கிறார்கள். உயர் அழுத்தத் தண்ணீரைப் பாய்ச்சுகிறார்கள். வளையம் கெட்டால் மசகு வெளியேறும். தண்ணீர் உள்ளே போகும். போன மசகை மீண்டும் நிரப்ப முடியாது. மண்ணெண்ணெயும் மென்மையான தூரிகையும், துடைத்தபின் கியர் எண்ணெயும் போதும். நம் ஊர் மழையில் நனைந்தபின் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

வாங்கும்போது எண்ணைப் பார்க்க வேண்டும். 520 என்றால், முதல் எண் 5 கண்ணியின் நீளம்: அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு. அடுத்த 20 அகலத்தைக் குறிக்கும். 428 என்றால் கண்ணி அரை அங்குலம். சீல் சங்கிலி சற்று அகலமானது. சிறிய மோட்டாரில் உறையில் உரசுமா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும். பழைய பற்சக்கரத்தில் புதிய சங்கிலியைப் போடுவது காசைக் கரியாக்கும் வேலை. மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒரே ஒரு கண்ணி மட்டும் மடங்க மறுத்து, அதன் ஓரத்தில் செந்நிறத் தூள் தெரிந்தால், அந்த இடத்தில் வளையம் போய்விட்டது. சங்கிலியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.